நிலம்பூர் தேக்கு அருங்காட்சியகம்: காட்டு வேலைக்காரர்களின் தடம் தேடிப் போகிறவர்களுக்கான கேள்வி பதில்

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், கூடலூர் போகும் சாலையோரம் இருக்கிறது நிலம்பூர் தேக்கு அருங்காட்சியகம். பெயரென்னவோ மரத்தின் பெயர்தான். ஆனால் அந்த மரத்தை முளைக்க வைத்ததும் சாய்த்ததும் யானை கட்டி இழுத்ததும் ஆற்றில் தெப்பம் விட்டதும் ஆட்கள். அவர்களை இந்த அருங்காட்சியகத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் எங்கே, எப்படிப் பார்ப்பது என்பதற்காகவே இந்தக் கேள்வி பதில். சுற்றுலாவாக மட்டும் போகிறவர்களுக்கும் வழி, நேரம், சாப்பாடு எல்லாம் இதில் உண்டு.

அருங்காட்சியகம் சரியாக எங்கே இருக்கிறது? யார் நடத்துகிறார்கள்?

நிலம்பூர் ஊரிலிருந்து கூடலூர் சாலையில் சுமார் 4 கிலோமீட்டர் தூரத்தில், கரிம்புழை என்ற இடத்தில் இருக்கிறது. கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தின் துணை மைய வளாகம் அது. 1995-இல் திறந்தார்கள். இரண்டு தளக் கட்டடம். பின்னால் பட்டாம்பூச்சி, மூலிகை, ஆர்க்கிட் என்று நடந்து பார்க்க ஒரு பெரிய தோட்டம். உலகில் தேக்குக்கென்றே அமைந்த முதல் அருங்காட்சியகம் என்ற பெயர் இதற்கு உண்டு.

தமிழ்நாட்டிலிருந்து எப்படிப் போவது?

கோவை, ஈரோடு, சேலம் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ரயில்தான் நல்லது. ஷொரணூரில் இறங்கி, நிலம்பூர் ரோடு போகும் ரயிலில் மாறுங்கள். 66 கிலோமீட்டர் கிளைப் பாதை. இந்தப் பயணத்தை வெறும் போக்குவரத்தாக எண்ண வேண்டாம். நிலம்பூர் மரத்தை வெளியே கொண்டுவரும் நோக்கமும் வைத்து 1920களில் போட்ட பாதை இது. இரண்டாம் உலகப் போரின்போது 1941-இல் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1954-இல் மறுபடி போட்டார்கள். பல நிலையங்களில் நடைமேடைக்கு மேலேயே தேக்கும் ஆலும் கவிந்திருக்கும். பகல் ரயிலாகப் பார்த்து ஏறுங்கள். ஒரு நாளைக்கு ஓடும் வண்டிகள் குறைவு. ஷொரணூரில் இணைப்பு வண்டியைத் தவறவிட்டால் பெரிந்தல்மண்ணை வழியாகப் பேருந்துதான்.

ஊட்டி, கூடலூர் வழியாக வருகிறவர்கள் நாடுகாணி மலைப்பாதையில் இறங்கி, வழிக்கடவு, எடக்கரை தாண்டி வரவேண்டும். கூடலூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். இங்கே இரண்டு விஷயம் பலருக்கும் இடறுகிறது. முதலாவது, 2024 மே மாதத்திலிருந்து நீலகிரி மாவட்டத்துக்குள் நுழையும் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். “ஊட்டியில் தங்கப் போவதில்லை, கடந்துதானே போகிறோம்” என்று சொன்னாலும் சோதனைச் சாவடியில் கேட்பார்கள். இரண்டாவது, தென்மேற்குப் பருவமழையில் நாடுகாணியில் மண் சரியும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை புறப்படும் அன்று காலையில் கூடலூரில் விசாரித்துவிட்டே இறங்குங்கள். மாலை மயங்கிய பிறகு அந்த இறக்கத்தில் யானை குறுக்கிடும். இருட்டுவதற்குள் வழிக்கடவைத் தொட்டுவிட வேண்டும்.

எந்த நாளில், எந்த மாதத்தில் போகலாம்?

திங்கட்கிழமையைத் தவிர்த்துத் திட்டமிடுங்கள். காலை 10 மணிக்கு மேல் போய்ச் சேர்ந்து, பிற்பகல் 3 மணிக்குள் உள்ளே நுழைந்துவிடுவதுபோல் வைத்துக்கொண்டால் அவசரமில்லாமல் பார்க்கலாம். நான்கு மணிக்குப் போய் நின்றால் கட்டடம் கிடைத்தாலும் தோட்டம் கிடைக்காது.

மாதம் என்றால், எதைப் பார்க்க ஆசை என்பதைப் பொறுத்தது. பிப்ரவரி, மார்ச்சில் தேக்கு இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும், வெயில் சுடும், “இதற்கா வந்தோம்” என்று குழந்தைகள் முகம் சுளிக்கும். ஆனால் மரத்தின் உடலையும் கிளை பிரியும் உயரத்தையும் பார்க்க அதுதான் ஏற்ற காலம். மழையில் பச்சை கொட்டும், உச்சியில் வெண்பூக்கள் கொத்துக் கொத்தாக வரும். கூடவே அட்டையும் வழுக்கலும் ஆற்று வெள்ளமும் வரும். முதல் தடவை போகிறவர்களுக்கு அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை என்று தயங்காமல் சொல்லலாம்.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

கட்டடத்துக்கு ஒன்றரை மணி நேரம், தோட்டத்துக்கு ஒரு மணி நேரம். பலர் கட்டடத்தை இருபது நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். கீழே சொல்லும் மூன்று இடங்களில் நின்று பார்த்தால் அப்படி முடிக்க முடியாது.

தொழிலாளர்கள் வரலாறு என்று தனிக் கூடம் இருக்கிறதா?

மரம், வேர், பூச்சி, படம் என்றுதான் கூடங்கள் பிரிந்திருக்கும். தொழிலாளர் வரலாறு அந்தப் பொருள்களுக்குள் புதைந்து கிடக்கிறது. வாசலில் இருக்கும் வேர், தரைத்தளத்தில் உள்ள உரு என்ற மரக்கலத்தின் மாதிரி, மேல்தளத்தில் இருக்கும் மரம் வெட்டிக் கடத்தும் பழைய கருவிகள், இவை மூன்றும்தான் நிற்க வேண்டிய இடங்கள்.

வாசலில் இருக்கும் அந்த வேரில் என்ன பார்க்க வேண்டும்?

55 வயது தேக்கின் முழு வேர்த்தொகுதி அது. எல்லோரும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்கள். இரண்டு நிமிடம் நின்று, வேர் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். தோட்டத் தேக்கு பெரும்பாலும் விதையிலிருந்து நேராக அந்த இடத்தில் முளைத்ததில்லை. ஒரு வயதுக் கன்றை நாற்றங்காலிலிருந்து பிடுங்கி, தலையையும் வேரையும் நறுக்கி, ஒரு குச்சிக் கிழங்குபோல ஆக்கி நடுவார்கள். அதைத்தான் ஸ்டம்ப் என்பார்கள்.

நறுக்கும் முறை இது. கட்டைவிரல் பருமனுக்குள், அதாவது 1 முதல் 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள கன்று வேண்டும். வேரும் தண்டும் சேரும் கழுத்திலிருந்து மேலே 2, 3 சென்டிமீட்டர் விட்டுத் தண்டை வெட்ட வேண்டும். கீழே ஆணிவேர் ஒரு சாண் அளவுக்கு, 15 முதல் 20 சென்டிமீட்டர் இருக்கட்டும். பக்க வேர்களை மழித்துவிட வேண்டும். கத்தி மழுங்கியிருந்தால் வெட்டுவாய் பிளந்து, அதன் வழியே அழுகல் ஏறும். நறுக்கியதை ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்து, அடுத்தடுத்து நட்டுவிட வேண்டும்.

நடுவது கடப்பாரையால். ஒருவர் குத்திக் குழி போடுவார், ஒருவர் ஸ்டம்பைச் செருகுவார். பிறகு சற்றுத் தள்ளி மறுபடி கடப்பாரையைச் சாய்வாகக் குத்தி மண்ணை ஸ்டம்போடு நெருக்குவார்கள். இந்தக் கடைசிக் குத்தில்தான் மரத்தின் தலையெழுத்து இருக்கிறது. மண் நெருங்காமல் உள்ளே காற்றிடம் இருந்தால் அதில் மழைநீர் தேங்கி வேர் அழுகும். கழுத்து மண்ணுக்குள் ஆழப் புதைந்தால் முளை மேலே வரத் திணறும். நிலம் நனையும்படி கோடைமழை பெய்வதற்கு முன்பே நட்டுவிட்டால் காய்ந்துபோகும். 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளி என்றால் ஒரு ஹெக்டேரில் 2,500 குழி. அத்தனைக்கும் குனிந்து நிமிர்ந்தது ஆளின் முதுகுதான். வேரின் முன்னால் நிற்கும்போது இதை நினைத்துப் பாருங்கள்.

2,500 நட்டால் அத்தனையும் மரமாகுமா?

ஆகாது, ஆகவும் விடமாட்டார்கள். 4-ஆவது ஆண்டிலும் 8-ஆவது ஆண்டிலும் ஒன்றுவிட்டு ஒன்று என்ற கணக்கில் களைவார்கள். அதற்குப் பிறகு நான்கு முறை, எது நேராக வளர்கிறது, எது நோஞ்சான் என்று மரம் பார்த்துக் களைவார்கள். கடைசி வெட்டு 50, 60 வயதில். நட்டவர் தன் மரம் சாய்வதைப் பார்க்கமாட்டார். சாய்க்கிறவர் நட்டவரைப் பார்த்திருக்கமாட்டார். ஒரே தோட்டத்தில் தாத்தா நட்டதைப் பேரன் வெட்டிய குடும்பங்கள் இந்தப் பக்கம் இருப்பதற்கு இதுதான் காரணம்.

கனோலி, சாத்து மேனோன் என்ற பெயர்கள் வருகின்றனவே, யார் இவர்கள்?

ஹென்றி வாலன்டைன் கனோலி மலபார் மாவட்டக் கலெக்டர். அப்போது மலபார் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. 1956 வரை அப்படித்தான். கப்பல் கட்டத் தேக்கு வேண்டும், இயற்கைக் காட்டுத் தேக்கோ வெட்டி வெட்டித் தேய்ந்துகொண்டிருந்தது. அதனால் 1840களின் தொடக்கத்தில் நிலம்பூரில் தேக்கை நட்டு வளர்க்கத் தீர்மானித்தார். களத்தில் நின்று அதைச் செய்து காட்டியவர் வனத்துறையில் அவருக்குக் கீழே வேலை பார்த்த சாத்து மேனோன்.

முதலில் விதை முளைக்கவே இல்லை. தேக்கின் கனி வெளியே பஞ்சுத் தோலும் உள்ளே கல் ஓடுமாக இருக்கும். அப்படியே மண்ணில் போட்டால் சில முளைக்கும், சில அடுத்த வருடம் முளைக்கும், பல முளைக்கவே முளைக்காது. ஊற வைத்து, நிழல் கட்டிய பாத்தியில் விதைத்து, நீர் தெளித்துக் காத்திருக்கும் முறை படிந்து வந்த பிறகுதான் தோட்டம் தோட்டமாயிற்று. இன்றும் நாற்றங்காலில் கனியை இரவு முழுக்க ஊறப்போட்டுப் பகலில் வெயிலில் உலர்த்துவார்கள்; ஒரு வாரம், பத்து நாள் இதைத் திருப்பித் திருப்பிச் செய்வார்கள்.

கனோலி 1855-இல் கோழிக்கோட்டில் கொல்லப்பட்டார். அவர் பெயரில் ஒரு தோட்டம் நிற்கிறது. சாத்து மேனோன் பெயரை நூல்கள் சொல்கின்றன. பாத்திக்கு நீர் சுமந்தவர்கள் பெயர் எதிலும் இல்லை.

மேல்தளக் கருவிகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

கோடாலியையும் இரண்டு ஆள் இழுக்கும் நீள ரம்பத்தையும். தேக்கு சாய்ப்பதில் இந்த இரண்டுக்கும் வேலை வேறு வேறு. மரம் எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கம் முதலில் கோடாலியால் வாய் வெட்டுவார்கள். மரத்தின் விட்டத்தில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு ஆழம். பிறகு எதிர்ப்பக்கம் போய், அந்த வாயைவிடச் சற்று உயரத்தில் ரம்பம் போட்டு அறுத்து வருவார்கள். இரண்டும் சந்திக்காமல் நடுவில் ஒரு பட்டை நார் விட வேண்டும். கதவுக்குக் கீல் மாதிரி அது. அந்தக் கீலில் மரம் மெல்லத் திரும்பி விழும். பேராசைப்பட்டு முழுக்க அறுத்துவிட்டால் மரம் அடியில் பிடிப்பில்லாமல் சுழலும், பின்னால் உதைக்கும். ரம்பக்காரர் உயிர் போவது பெரும்பாலும் அப்படித்தான். ரம்பம் மரத்தின் எடையில் இறுகிக்கொண்டால் பின்னால் ஆப்பு அடித்து வாயைத் திறப்பார்கள்.

ரம்பத்தின் கைப்பிடிகளை உற்றுப் பாருங்கள். இரண்டு ஆளும் இழுக்க மட்டும்தான் செய்ய வேண்டும், தள்ளக் கூடாது. தள்ளினால் தகடு வளைந்து கோணும். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் கையைத் தளர விட வேண்டும். இந்தத் தாளம் பழகாத ஜோடிக்கு அரை நாளில் தோள்பட்டை விட்டுப்போகும். அதனால் ரம்பக்காரர்கள் ஜோடி மாறுவதை விரும்புவதில்லை.

யானைகளைப் பற்றி அங்கே என்ன தெரிந்துகொள்ளலாம்?

வெட்டிய தடியை, அதாவது அறுக்காத மரத்துண்டை, கூப்பு எனப்படும் வெட்டுக்கு ஒதுக்கிய காட்டுப்பகுதியிலிருந்து வண்டிப்பாதைக்கோ ஆற்றங்கரைக்கோ கொண்டுவந்தது யானை. தடியின் முனையில் துளை போட்டு, அதில் வடம் கோத்து இழுப்பார்கள். பழைய தடிகளில் இந்தத் துளையை இன்றும் பார்க்கலாம். வேறு எதற்கோ போட்டது என்று எண்ணிக் கடந்துவிடாதீர்கள். மலபாரில் அந்த வடத்தின் பெயர் வக்கை. யானை அதை வாயில் கடித்து இழுக்கும். சரிவில் தடி உருளத் தொடங்கினால் யானை வாயைத் திறந்து விட்டுவிடலாம். உடம்பில் சங்கிலி பூட்டியிருந்தால் தடியோடு யானையும் போகும், பாகனும் போவார். கொம்பன் யானைகள் தடியைத் தூக்கி அடுக்கவும் செய்யும்.

பாகனைக் கேரளத்தில் பாப்பான் என்பார்கள். தமிழ்க் காதுக்கு அது வேறு சொல்லாகக் கேட்கும், குழம்ப வேண்டாம். பாகனுக்கு ஒரு துணையாள் உண்டு. நம் முதுமலை, டாப்சிலிப் முகாம்களில் அவரைக் காவடி என்பார்கள்.

ஆற்றுக்கும் இந்த அருங்காட்சியகத்துக்கும் என்ன சம்பந்தம்?

சாலியாறு இல்லாமல் நிலம்பூர்த் தேக்கு கடலைப் பார்த்திருக்காது. வேனிலில் ஆற்றங்கரையில் தடியைச் சேர்த்து வைத்து, மழையில் ஆறு நிறைந்ததும் தெப்பமாகக் கட்டிக் கோழிக்கோட்டுக் கல்லாயிக்கு விடுவார்கள். பச்சைத் தேக்கு நன்றாக மிதக்காது. பர்மாவில் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள்: அடிமரத்தைச் சுற்றிப் பட்டையும் வெளிமரமும் போகும்படி வளையமாக வெட்டிவிட்டு, இரண்டு மூன்று ஆண்டு நின்றபடியே காய விடுவது. வளையத்தில் ஒரு விரல் அளவு வெளிமரம் மிச்சமிருந்தாலும் மரம் சாகாது, உழைப்பு வீண். காயாத தடிக்கு மூங்கிலைப் பக்கத்தில் கட்டி மிதப்புக் கொடுப்பது இன்னொரு வழி. தெப்பக்காரர்கள் மழையில், சுழலில், நாள்கணக்கில் அதன்மேலேயே சமைத்துச் சாப்பிட்டு இறங்குவார்கள்.

கல்லாயியிலும் பேப்பூரிலும் அந்தத் தடி மரக்கலமானது. தரைத்தளத்தில் இருக்கும் உரு என்ற மரக்கலத்தின் மாதிரி அதற்குத்தான். பேப்பூரில் உருவை முடித்து நீரில் இறக்குகிறவர்கள் கலாசிகள். கப்பியும் வடமும் மரச்சுழலியும் வைத்து, பாட்டுத் தாளத்துக்கு இழுத்து இறக்குவார்கள். மலபார்த் தேக்கின் ஆயுளைப் பார்க்க வேண்டுமென்றால் ஓர் உதாரணம்: 1817-இல் பம்பாயில் மலபார்த் தேக்கில் கட்டிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. அதன் பெயர் டிரிங்கோமலி, நம் திருகோணமலைதான்.

கனோலி தோட்டத்துக்கும் போக வேண்டுமா?

கட்டாயம் போங்கள். ஊருக்கு மறுபக்கம், அருவாக்கோட்டில், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. 1846-இல் நட்ட மரங்கள். சுமார் 2.3 ஹெக்டேர்தான் மிஞ்சியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் மரத்தேவைக்கு மற்றதை வெட்டினார்கள். மனிதக் கை நட்ட தேக்கில் இத்தனை வயதானதை வேறெங்கும் காண்பது அரிது.

பழைய பயணக் குறிப்புகளில் தொங்குபாலத்தைப் பற்றிப் பெருமையாக எழுதியிருப்பார்கள். 2019 வெள்ளத்தில் அது சிதைந்தது. அதனால் டிக்கெட் வாங்கும் முன்பே “இன்று அக்கரை போக முடியுமா” என்று கேளுங்கள். ஆற்றில் நீர் ஏறினால் கடப்பது நின்றுவிடும். இதைக் கேட்காமல் ஆட்டோவை அனுப்பிவிட்டுக் கரையில் நிற்கிறவர்கள் நிறைய. செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அட்டைக்கு உப்புத்துணி எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே மரங்களைக் கட்டிப்பிடித்துப் படம் எடுப்பதைவிட, வரிசையைப் பாருங்கள். ஒரு மரத்தின் பின்னால் நின்று கண்ணை ஓட்டினால், களைந்த இடைவெளிகளுக்கு நடுவே, பழைய நேர்க்கோடு இன்னும் தெரியும். கயிறு பிடித்து நட்டவர்களின் கோடு அது.

வனத்துறை மரக்கிடங்கில் தடிகள்மேல் எழுதியிருக்கும் எண்கள் என்ன?

கிடங்கின் சாலையோரத்தில் நின்றே இதைப் படிக்கலாம். உள்ளே போக அனுமதி கேட்க வேண்டும். தடியின் முகத்தில் மூன்று விஷயம் இருக்கும்: தடி எண், நீளம், நடுச் சுற்றளவு. கூடவே சுத்தியலால் அடித்த அரசு முத்திரை. காட்டில் மரம் வெட்டும்போது அடிக்கட்டையிலும் எண் போடுவார்கள். அடிக்கட்டை இருக்கிறது, தடி இல்லை என்றால் திருட்டு என்று பொருள்.

சுற்றளவை வைத்து ரகம் பிரிப்பார்கள்: 185 சென்டிமீட்டரும் மேலும் ஏற்றுமதி ரகம், 150 முதல் 184 வரை முதல் ரகம், 100 முதல் 149 வரை இரண்டாம் ரகம், 76 முதல் 99 வரை மூன்றாம் ரகம், 60 முதல் 75 வரை நான்காம் ரகம்.

கன அளவு போடுவது இப்படி: நடுச் சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். சுற்றளவு 1.6 மீட்டர், நீளம் 4 மீட்டர் என்றால், கால் பங்கு 0.4, 0.4 × 0.4 × 4 = 0.64 கனமீட்டர். ஏறத்தாழ 22.6 கன அடி. உண்மையில் அந்த உருளைக்குள் இருக்கும் மரம் 0.81 கனமீட்டருக்குமேல். அறுப்பில் வீணாகும் பொருக்கும் தூளும் வாங்குகிறவர் தலையில் விழக் கூடாது என்று வந்த கணக்கு இது. இந்த முறை தெரியாமல் வீட்டில் டேப் வைத்துக் கணக்குப் போட்டு, “கிடங்கில் ஏமாற்றுகிறார்கள்” என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு.

மலையாளம் தெரியாது. சமாளிக்க முடியுமா?

பேச்சில் சிரமமில்லை, எல்லைப் பகுதி, தமிழ் புரியும். பலகைகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். சில சொற்கள் தெரிந்திருந்தால் போதும். தடி என்றால் அறுக்காத மரத்துண்டு. கூப்பு என்றால் வெட்டுக்கு ஒதுக்கிய காட்டுப்பகுதி. நம் வனத்துறையிலும் அதே சொல்தான். மழு கோடாலி, வாள் ரம்பம், சங்ஙாடம் தெப்பம், பத்தாயம் நெல் கொட்டும் மரப்பெட்டி. தேக்கு என்ற சொல் இரண்டு மொழிக்கும் பொது. போர்த்துகீசியர் வாயில் தேக்கா ஆகி, ஆங்கிலத்தில் டீக் ஆனது அதுதான்.

குழந்தைகளுக்குச் சலிக்குமா?

மேல்தளத்தில் பட்டாம்பூச்சியும் மற்றப் பூச்சிகளும் சுமார் 300 வகை இருக்கின்றன, அங்கேயே ஒட்டிக்கொள்வார்கள். தோட்டத்தில் கீழே உதிர்ந்து கிடக்கும் இளம் தேக்கிலையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கச் சொல்லுங்கள். கை மருதாணி போட்டதுபோல் சிவக்கும். மரத்திலிருந்து பறிக்க வேண்டாம்.

வயதானவர்களை அழைத்துப் போகலாமா?

போகலாம். வேர், பெரிய அடிமரங்கள், உருவின் மாதிரி, பத்தாயம் எல்லாம் தரைத்தளத்திலேயே பார்த்துவிடலாம். கனோலி தோட்டம் மட்டும் அவர்களுக்கு வேண்டாம்.

சாப்பாடு, தண்ணீர்?

நிலம்பூர் ஊரில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கூடலூர் வழியாக வந்தால் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலை நீலகிரிக்குள் கொண்டுவரக் கூடாது. எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் வேறு எங்கே போகலாம்?

நெடுங்கயம். நிலம்பூரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர், கரிம்புழை ஆற்றங்கரைக் காடு. பிரிட்டிஷ் கால மரவீடும், ஆற்றுக்குப் பாலம் போட்ட டாசன் என்ற பொறியாளரின் கல்லறையும் இருக்கின்றன. அவர் அந்த ஆற்றிலேயே மூழ்கி இறந்தவர். ஆறு தெளிவாக, ஆழமில்லாததுபோல் தெரியும். இறங்கிக் குளிக்கவே வேண்டாம்.

இயற்கையாக வளர்ந்த பெருந்தேக்கைப் பார்க்க ஆசை இருந்தால் அது வேறு பயணம். பரம்பிக்குளத்தில் இருக்கும் கன்னிமரத் தேக்கு அது. இங்கே அருங்காட்சியகத்தில் அதன் ஒளிப்படம் மட்டும் இருக்கும். பரம்பிக்குளம் கேரளத்தில் இருந்தாலும் போகும் வழி நம் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான். டாப்சிலிப் என்ற பெயரே மலையுச்சியிலிருந்து தேக்குத் தடியைச் சறுக்கி விட்டதால் வந்தது. அங்கே காட்டை அழியாமல் மீட்ட வன அதிகாரி ஹ்யூகோ உட்டின் கல்லறையும் இருக்கிறது.

காட்டில் வேலை செய்தவர்கள் யார்? அவர்கள் ஊர்களைப் பார்க்கலாமா?

பணியர், காட்டுநாயக்கர் முதலான பழங்குடியினர், ஏறநாட்டு மாப்பிள்ளை (மலபார் முஸ்லிம்) தொழிலாளர்கள், மலை இறங்கி வந்த கூலிகள் என்று பலர். காட்டின் வழி, மரத்தின் குணம், யானையின் நடமாட்டம் தெரிந்தவர்கள் பழங்குடியினர். அந்த அறிவு இல்லாமல் ஒரு கூப்பும் ஓடியிருக்காது. அவர்கள் குடியிருப்புகள் காட்சிப்பொருள் கிடையாது. கரிம்புழைக் காட்டின் உள்ளே வாழும் சோலநாயக்கர் குடியிருப்புகளுக்கு அனுமதியில்லாமல் போவது சட்டப்படியும் தவறு. “நான் அழைத்துப் போகிறேன்” என்று ஆட்டோக்காரர் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

எங்கள் தாத்தா கூப்பு வேலைக்கு நிலம்பூர் போனவர். அவர் பெயரை எங்காவது பார்க்க முடியுமா?

அருங்காட்சியகத்தில் கிடைக்காது. வனத்துறை யானைகளுக்குத் தனித்தனியே பதிவேடு வைத்திருந்தது. யானையின் பெயர், உயரம், வயது, நோய் எல்லாம் அதில் ஏறும். தினக்கூலிக்கு இருந்தது மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேடு மட்டும். தணிக்கை முடிந்து சில ஆண்டுகளில் அதைக் கழித்துவிடுவார்கள். ஆகவே பெயரைத் தேடும் முன் இடத்தையும் ஆண்டையும் தேடுங்கள்.

வீட்டில் முதலில் மூன்று விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்த மழைக்குப் போய் எந்த மழைக்குத் திரும்பினார், யார் மேஸ்திரி, எந்த ஆற்றின், எந்தப் பாலத்தின் பெயரைச் சொல்வார். ஆண்டு தெரியாவிட்டாலும் “ரயில் தண்டவாளத்தைப் பெயர்த்தபோது” என்று ஒரு வார்த்தை கிடைத்தால் 1941 என்று பிடித்துவிடலாம். 1956-க்கு முந்தையது என்றால் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சென்னை மாகாண வனத்துறை அறிக்கைகளைக் கேளுங்கள். மலபார் ஆவணங்களுக்குக் கோழிக்கோட்டில் உள்ள வட்டார ஆவணக் காப்பகத்திலும் கேட்டுப் பாருங்கள். நிலம்பூர் வனக்கோட்டத்தின் வேலைத் திட்ட அறிக்கை என்று கேட்டால் எந்த ஆண்டில் எந்தக் கூப்பு வெட்டினார்கள், எங்கே நட்டார்கள் என்பது வரைபடத்தோடு இருக்கும். தாத்தா வேலை செய்த ஆண்டும் இடமும் அதில் பொருந்தினால், அந்த ஆண்டில் நட்ட தோட்டம் எது என்று நிலம்பூரில் விசாரிக்கலாம். தோட்டங்களை அங்கே நட்ட ஆண்டை வைத்தே அழைப்பார்கள். அது சாலையோரத் தோட்டமாக இருந்தால் வண்டியை நிறுத்தி நின்று பார்த்துவிட்டு வரலாம்.